பேன்சீப்பும் பிளஸ் டூ ராகமும்

முதல் இழுப்பிலேயே சீப்பு சிக்கிக்கொண்டது, இடது காதுக்குப் பின்னால், எப்போதும் சிக்குகிற அதே இடத்தில். மகுடீஸ்வரி சீப்பை உருவாமல் அப்படியே பிடித்துக்கொண்டு, எண்ணெய்க் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து முடிச்சின் மேல் வைத்து நீவினாள். இழுத்தால் வலிக்கும், வலித்தால் கத்துவாள், கத்தினால்கூட நல்லதுதானே என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த வேகத்துக்கே சீ, நீயெல்லாம் ஒரு அம்மாக்காரியா என்று தன்னையே வைதுகொண்டு இன்னும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். கற்பூரம் போட்டுக் காய்ச்சின எண்ணெய், வாசற்படி முழுக்கக் கோயில் மாதிரி மணத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு தின்று முடித்து லைன் வீடுகள் எல்லாம் அரைக்கண் மூடிக் கிடந்தன, தெருமுனைக் குழாயில் நல்ல தண்ணி வருகிற முறை இன்றைக்கு, குடங்கள் மட்டும் ஆட்களுக்குப் பதிலாக வரிசையில் உட்கார்ந்திருந்தன. இவள் மேல் படியில், தாரிகா கீழ்ப் படியில் இவள் முழங்கால்களுக்கு நடுவே, மடியில் பழைய வெள்ளை வேட்டித் துண்டு. பிள்ளையின் முகம் தெருப்பக்கம். இவளுக்குத் தெரிவதெல்லாம் உச்சி வகிடும் இரண்டு காதும் பிடரிக் குழியும்தான், அந்தப் பிடரியைப் பார்த்துப் பார்த்து உள்ளே என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு வாசத்தை வைத்துக் கொதி பார்க்கிற மாதிரி. சிக்கு விட்டது. சீப்பை மெல்ல இறக்கினாள், துண்டில் தட்டினாள், சின்னதாக ஒன்று விழுந்து ஓடியது, எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்துத் தாரிகாவின் கண்ணுக்கு நேராக நீட்டினாள். அது தாரிகா போட்ட சட்டம், பேன் கிடைத்ததும் கொல்லக்கூடாது, முதலில் காட்ட வேண்டும், அவள் பார்த்து, இது பாப்பாப் பேன், இது அப்பாப் பேன், இது எட்மாஸ்டர் பேன் என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் நசுக்கலாம். ஒவ்வொரு தீர்ப்பும் வந்து சேரச் சித்த நேரம் ஆகும், தாரிகாவுக்குத் திக்குவாய், 'பா' என்று ஆரம்பித்தால் பா, பா, பா என்று நாலு படி ஏறித்தான் பாப்பா வரும், அதுவரை பேனும் காத்திருக்க வேண்டும், காத்திருக்காமல் ஓடிப்போன பேன்களும் உண்டு. இன்றைக்குத் தலை மட்டும் மேலும் கீழும் ஆடியது. சரி, கொல்லு. அவ்வளவுதான். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் சுலோச்சனாக்கா டிவியைப் போட்டுவிட்டாள். போடுவாள் என்று தெரியும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 'பிளஸ் டூ ராகம்' தொடர் மறுபடியும் வரும், முன்பே ஒரு தடவை பார்த்ததையே ஊர் மறுபடி உட்கார்ந்து பார்க்கும், அதிலும் இன்றைக்குப் போடுவது போன மாதம் வந்த அந்தக் கதை, அந்தப் பெண் பாடுகிற கதை. லைன் வீட்டுச் சுவர் ஒற்றைச் செங்கல் சுவர், அவர்கள் வீட்டில் கடுகு வெடித்தால் இவள் வீட்டில் தும்மல் வரும், டிவிச் சத்தத்துக்குக் கேட்கவா வேண்டும். ஆரம்பப் பாட்டு கிடார் சத்தத்தோடு ஆரம்பித்தது. இவளும் பார்த்தவள்தான், முதல் வாரத்திலிருந்து ஒன்று விடாமல், அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு ஓடிப்போய், அதை எதற்கு மறைக்க வேண்டும். மலைமேல் ஒரு பள்ளிக்கூடம், பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாட்டுக் குழு, எந்நேரமும் மூடுபனி, ஒருத்தியின் தாவணியில்கூடக் கசங்கல் கிடையாது, ஒருத்தனுக்கும் வேர்க்காது, டிபன் பாக்ஸைத் திறந்தால் புளிச்சோற்று வாசம் வராமல் அதற்கும் ஒரு பாட்டு வரும். தலைமையாசிரியை பாட்டுக் குழுவைக் கலைக்கப் போகிறேன் என்பாள், பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டு பாடுவார்கள், அவள் ஜன்னலில் நின்று கண்ணைத் துடைப்பாள், கலைக்க மாட்டாள், அடுத்த வாரம் மறுபடியும் கலைக்கப் போகிறேன் என்பாள். மகுடீஸ்வரியும் பிளஸ் டூ படித்தவள்தான், ஆனைமலைப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில், அங்கே எந்த ராகமும் கேட்டதில்லை, கேட்டதெல்லாம் இயற்பியல் சார் ஸ்கேலால் மேஜையைத் தட்டுகிற சத்தமும், மத்தியானத்தில் கூரைத் தகரம் காய்ந்து படக் படக் என்று நெளிகிற சத்தமும்தான். மேடை என்றால் நான்கு பெஞ்சைச் சேர்த்துக் கட்டினது, பாட்டு என்றால் தமிழ்த்தாய் வாழ்த்து, அதற்கும் நடுவில் யாராவது சிரித்துவிடுவார்கள். இதையெல்லாம் சொன்னால் சுலோச்சனாக்கா, "அடப் போ புள்ள, நம்ம பட்ட பாட்டயே டிவிலயும் பாக்கறதுக்கா கரண்ட் பில்லு கட்டறோம்" என்பாள், அதுவும் நியாயம்தான். பொய்யாக இருக்கட்டும், பொய் அழகாக இருந்தால் இவளுக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தப் பெண் விஷயம் அப்படியில்லை. நிலா என்று ஒரு பெண், கதையில் திக்குவாய், எல்லாரும் கேலி செய்வார்கள், கிடார் வாத்தியார் அவளை மேடையில் ஏற்றிவிடுவார், பேரைச் சொல்லத் திணறுவாள், கூட்டம் சிரிக்கும், அப்புறம் கண்ணை மூடிப் பாடுவாள், அருவி மாதிரி கொட்டும், பாடி முடித்துவிட்டுப் பேசுவாள் பாரு, திக்கு போயே போயிற்று, அன்றோடு சரி, காய்ச்சல் விட்ட மாதிரி. அதைப் பார்த்து இவளும்தான் மூக்கைச் சிந்தினாள். அழுதுகொண்டே பக்கத்தில் பார்த்தபோது தாரிகா அழவில்லை, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு டிவியையே பார்த்தாள், கணக்குத் தப்பாகப் போட்டிருப்பதைப் பார்க்கிற மாதிரி. அன்றைக்கு அதை இவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சீப்பு மறுபடி சிக்கியது.

என்ன கொடுமை என்றால் அதில் பாதி நிஜம். பாடினால் தாரிகாவுக்குத் திக்காது. எப்போதுமே அப்படித்தான், பாட்டாக வந்தால் வெண்ணெய், பேச்சாக வந்தால் கல். அது வீட்டுக்குள் தெரிந்த விஷயம், யாரும் அதை எடுத்து வைத்து ஆராய்ந்ததில்லை, மாதுளம்பழம் பிடிக்கும் கொய்யா பிடிக்காது என்கிற மாதிரி ஒன்று. அந்தக் கதை வந்த மறுநாள் காலையில் பால் வாங்கப் போனபோது ஆரம்பித்தது. கடைக்கார அண்ணன் நல்ல மனுசன், தாரிகா பால் என்று சொல்லி முடிக்கிற வரைக்கும் முன்னெல்லாம் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்ப்பான், அந்தப் பார்வையே ஒரு மரியாதை. அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு, "பாடிக் கேளு கண்ணு, அந்த நிலாப் பொண்ணு மாதிரி பாடிக் கேளு, தாரேன்" என்றான். பிள்ளை பாடியது. அரை லிட்டர் பால் பாக்கெட், பச்சைக் கவர், தயிர் ஒன்று என்று ஏதோ சினிமா மெட்டில் இழுத்துப் பாடியது. கடையில் நின்றவர்கள் எல்லாம் கைதட்டினார்கள், ஒருத்தன் செல்போனில் படம் பிடித்தான், தாரிகாவும் சிரித்தாள், இவளும் சிரித்தாள். முதல் நாள் சிரிப்பு நிஜம். இரண்டாம் நாள் மினி பஸ் கண்டக்டர், எங்கே இறங்கோணும், பாட்டாச் சொல்லு. அப்புறம் சுலோச்சனாக்கா, அப்புறம் அயர்ன் வண்டிக்காரர், மாத்திரைக் கடைப் பெண், ஆளாளுக்கு வைத்தியர் ஆகிவிட்டார்கள், எல்லாருக்கும் நல்ல மனசு, ஒருத்தர் முகத்திலும் கேலி இல்லை, கேலியாக இருந்தாலாவது இவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நாலு கேள்வி கேட்டிருப்பாள், கேலிக்கு இவளிடம் பதில் உண்டு. முன்பு ஒரு பையன் 'தா, தா, தான்னு கேக்கறயே, என்னத்தத் தரோணும்' என்று கேட்டதற்கு, 'உன்ர மூக்க ஒழுங்காத் தொடச்சுட்டு வந்து குடுக்கறதக் குடு' என்று இவள் சொன்னதில் தெருவே சிரித்தது. நல்ல மனசுக்கு என்ன பதில் சொல்வது. அன்பாக வந்து வாயில் சர்க்கரையைத் திணித்தால் துப்பவா முடியும். போகப் போகத் தாரிகா பேச வாயெடுத்தாலே எதிரில் நிற்கிறவர் முகத்தில் ஒரு பாட்டுக்கான ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளை அதைப் பார்க்கும், வாயை மூடிக்கொள்ளும். பேர் வைத்தபோது நட்சத்திரத்துக்கு வந்த எழுத்து என்று தா-வில் வைத்தார்கள், மாமனார்தான் வேறு ஏதாவது மெதுவான எழுத்தில் வையுங்கள் என்றாரோ, இல்லை, அவர் அப்படிச் சொல்லவில்லை, திக்குவாய் என்று அப்போது யாருக்குத் தெரியும், கைப்பிள்ளையாக இருந்தது, இதெல்லாம் இவளாக இப்போது கட்டிக்கொள்கிற கதை. சுவருக்கு அந்தப் பக்கம் விளம்பரம். பல்பொடி, நகைக்கடை. இன்னும் அந்த இடம் வரவில்லை.

பிளாரன்ஸ் டீச்சர்மேல் கோபப்படவும் முடியவில்லை, அதுதான் நெஞ்சில் சீப்புப்பல் மாதிரி நிற்கிறது. தாரிகா ஒன்றாம் வகுப்பில் அழுதபோதெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினவர். ஆண்டு விழாவுக்கு என்ன போடலாம் என்று யோசித்து அவருக்கு இது தோன்றியிருக்கிறது, எல்லாரும் பார்க்கிற தொடர், எல்லாரும் அழுத காட்சி, அதையே நம் பள்ளிக்கூடத்தில் நிஜமாகவே ஒரு பிள்ளை இருக்கும்போது போட்டால் என்ன என்று. தாரிகா மேடையில் வருவாள், மைக் முன்னால் நின்று பேரைச் சொல்லத் திணறுவாள், மற்றப் பிள்ளைகள் சிரிக்கிற மாதிரி நடிப்பார்கள், அப்புறம் இவள் பாடுவாள். இதையெல்லாம் இவளிடம் டீச்சரும் சொல்லவில்லை, தாரிகாவும் சொல்லவில்லை, சுலோச்சனாக்காவின் மகள், நாலாம் வகுப்பு வர்ஷினி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கமர்கட்டைச் சப்பிக்கொண்டே வந்து சொன்னாள். "சித்தி, நேத்து ஒத்திகைல செம காமெடி. டீச்சர் திக்கு கண்ணுன்னாங்க, உங்க பாப்பா 'என் பேர் தாரிகா'ன்னு டக்குனு சொல்லிட்டா. திக்கவே இல்ல. இல்ல கண்ணு, நல்லாத் திக்கோணும், எப்பவும் திக்குவியே அப்படின்னாங்க. மறுக்கா டக்குனு சொல்லிட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. டீச்சர், வேணாங்கறப்பத் திக்கறே, வேணுங்கறப்ப ஏன் ஒழுங்காச் சொல்றேன்னு கேட்டாங்க. அப்பறம் வர்ஷினி நீ திக்கிக் காட்டுன்னாங்க, நான் திக்கினேன், நல்லா வந்துச்சுன்னு சொன்னாங்க. அதப் பாத்துத்தான் உங்க பாப்பா கத்துக்கோணுமாம்." கேட்டுக்கொண்டிருந்தபோது இவளுக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது, வராமல் எப்படி இருக்கும், உலகத்திலேயே திக்குவதற்குப் பயிற்சி கொடுக்கிற பள்ளிக்கூடம் இது ஒன்றாகத்தான் இருக்கும், அப்புறம்தான் அந்தச் சிரிப்பு பாதியில் அறுந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தன் பேரை முழுசாக, வழுக்காமல், டக்கென்று சொன்ன பிள்ளையை, தப்பு, மறுபடி சொல் என்றிருக்கிறார்கள். நாளைக்குத் திங்கட்கிழமை. போய்ச் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது. டீச்சர், எம்பொண்ணு நாடகத்துல வேண்டாங்க. ஏம்மா? என்பார். அது வந்துங்க டீச்சர். அதற்கு மேல் வாக்கியம் நகரவில்லை, இரண்டு நாளாகச் சட்னி அரைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் இந்த ஒரு வாக்கியத்தைத் தள்ளிப் பார்க்கிறாள், அது வந்துங்க டீச்சர் என்கிற இடத்திலேயே சக்கரம் சேற்றில் சுற்றுகிறது. தெருவில் யாரிடமும் தோற்காத வாய், டீச்சர் என்ற சொல்லைக் கேட்டால் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொள்கிறது. அம்மாவுக்கே இப்படி என்றால்.

ஊரில் கருப்பணன் என்று ஒருவர் இருந்தார், இந்த நினைப்பு வரவேண்டாம் வரவேண்டாம் என்று வெள்ளிக்கிழமையிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தாள், இப்போது கை சீவிக்கொண்டிருந்தபோது காலடியில் பூனை மாதிரி வந்து படுத்துக்கொண்டது. ஊமைக் கருப்பணன் என்பார்கள், ஆனால் பிறவி ஊமை இல்லை, சின்ன வயசில் திக்கித் திக்கிப் பேசினவர்தான், ஏதோ ஒரு நாள் நிறுத்திக்கொண்டாராம், ஏன் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இவள் எட்டாவது படிக்கும்போது விறகு பொறுக்கப் போன இடத்தில், தரிசுக் காட்டில், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆம்பளைக் குரல், என்னடி வயிறு ரொம்பலையா, நேத்து அந்தப் பக்கம் மேய்ஞ்சயே அங்க போலாமா, என்று ஒவ்வொரு சொல்லிலும் முட்டி நின்று நின்று, ஆனாலும் அவ்வளவு நயமாக. எட்டிப் பார்த்தால் கருப்பணன், ஆடுகளோடு பேசிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார், கதவைச் சாத்துகிற மாதிரி. அதற்கப்புறம் அவர் குரலை இவள் கேட்டதே இல்லை. அன்றைக்கு அதை ஊருக்கெல்லாம் சொல்லிக் குதித்தாள், ஊமை பேசிருச்சு ஊமை பேசிருச்சு என்று, இன்றைக்கு அதை நினைத்தால் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. ஆட்டோடாவது பேசினாரே அவர். நேற்று இவள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று காது கொடுத்துக் கேட்டாள், தாரிகா தெருப்பூனைக்குத் தயிர்ச்சோறு வைத்துவிட்டு எதிரில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தது, வழக்கமாக அதனிடம் ஒரு பாட்டம் பேசும், ஏன் லேட்டு, யார் கூடச் சண்டை என்று. நேற்று ஒன்றுமில்லை. பூனைகூட அண்ணாந்து பார்த்தது. ராத்திரி புருசன் கனகராசு போன் பண்ணினான், கோழித்தீவன லாரியோடு கிருஷ்ணகிரி தாண்டி எங்கேயோ, பாப்பாகிட்டக் குடு என்றான், தாரிகா போனைக் காதில் வைத்து அப்பாவின் மூச்சைக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. "பேசறப்பப் பேசட்டும், உடு ஈசு, நீ வெசனப்படாத" என்றான், அவன் குரலில்தான் வெசனம் லாரி லோடு இருந்தது. பேசாமலே இருந்துவிட்டால். பேசாமலே பள்ளிக்கூடம் போய், பேசாமலே வளர்ந்து, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால், அட, பைத்தியமே, பிள்ளைக்குப் பால்பல் இன்னும் முழுசா விழவில்லை, நீ பந்தியே போட்டுவிட்டாய். சீப்பை உச்சியிலிருந்து அழுத்தி இறக்கினாள்.

கிடார் நின்றுவிட்டது. அந்த நிசப்தம் இவளுக்குத் தெரியும். மேடைக்கு முந்தின நிசப்தம், செருப்புச் சத்தம், மைக் கிறீச்சிடும், இப்போது அந்தப் பெண் வந்து நிற்பாள். எழுந்து போய் டிவியை நிறுத்துங்கள் அக்கா என்று சொல்லலாமா, என்னவென்று சொல்வது, அது வந்துங்க அக்கா. பிள்ளையை உள்ளே கூட்டிக்கொண்டு போகலாமா, போனால் உள்ளேதான் இன்னும் நன்றாகக் கேட்கும். தாரிகாவின் பிடரியில் தசை இறுகுவது தெரிந்தது, காது பின்னால் சாய்கிற மாதிரி ஒரு அசைவு, கேட்கிறாள், கேட்டுக்கொண்டிருக்கிறாள், 'எ, எ, எ, என், என்' என்று சுவர் திணற ஆரம்பித்தது, சிரிப்புச் சத்தம், இவள் கை தானாகச் சீப்பைத் துண்டில் தட்டியது, விழுந்தது பேன் இல்லை, எள்ளுப் பருமனுக்குக் கறுத்துக் கொழுத்த ஒரு ராட்சசன், இந்தத் தலைக்கே ராஜா, மற்ற நாளாக இருந்தால் அம்மாவும் மகளும் ஒரு திருவிழாவே கொண்டாடியிருப்பார்கள், ஆனால் கண் துண்டில் இருந்தாலும் காது சுவரில் இருந்தது, கை பாட்டுக்கு அதை எடுத்து இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் வைத்து நசுக்கிவிட்டது. டப் என்று கேட்டது.

தலை திரும்பியது. சீப்பு துண்டிலேயே கிடக்க, முகம் முழுசாகத் திரும்பி இவளைப் பார்த்தது, கண் இரண்டும் நெருப்பாக.

"கா... கா... கா... காட்டாமக் கொன்னுட்ட!"

மகுடீஸ்வரி நகத்தைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். சிரிக்கக்கூடாது, அழக்கூடாது, கட்டிப்பிடிக்கக்கூடாது, ஐயோ பேசிட்டியே என்று சொல்லவே கூடாது, ஒன்று தப்பாகச் செய்தால் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும் என்று உடம்பு முழுக்க ஒரு எச்சரிக்கை ஓடியது. வேலிக்கு இந்தப் பக்கம் விறகோடு நிற்கிற எட்டாவது படிக்கிற பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"மறந்துட்டேன் கண்ணு."

"பெ... பெருசு. ச... சத்தம் கேட்டுச்சு. அது ரா... ராஜாப் பேன்தானே?"

"ராஜாவேதான்."

"நீ எப்பவும் இ... இப்படித்தான்" என்றாள் தாரிகா, அது சுத்தப் பொய், எப்போதும் காட்டுகிறவள்தான், ஆனால் மகுடீஸ்வரி அந்தப் பழியைத் தங்கச் சங்கிலி மாதிரி வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பிள்ளை திரும்பி உட்கார்ந்தது. பிடரி தளர்ந்திருந்தது. சுவர் இன்னும் திணறிக்கொண்டிருந்தது, அ, அ, அம், அம்மா, என்று அந்த நிலா மேடையிலிருந்து கீழே உட்கார்ந்திருக்கிற தன் அம்மாவைக் கூப்பிடுகிற இடம், இந்த இடத்தில்தான் ஊரே மூக்கைச் சிந்தியது. தாரிகா 'ப்ச்' என்றாள்.

"அ... அந்தக்காளுக்குத் தி... தி... திக்கவே தெரீல."

"ஏங் கண்ணு?"

"எல்லா எழுத்துலயும் திக்குது. வா... வாய் அடைக்கவே மாட்டீங்குது. கண்ணு மூ... மூடல. அப்பறம், அம்மாங்கறதுக்குப் போயி யா... யாராச்சும் திக்குவாங்களா?"

சீப்பு நடுவழியில் நின்றுவிட்டது. ஒன்று, இரண்டு என்று இந்தப் பிள்ளை பேச ஆரம்பித்த நாளிலிருந்து இவள் கேட்ட அம்மாக்கள் எல்லாம் திரும்பி வந்தன, பசிக்குதும்மா, அம்மா பூனை, ராத்திரியில் கெட்ட கனவு கண்டு அம்மா, அம்மா, அம்மா, ஒன்றிலாவது முட்டி நின்றதுண்டா, எவ்வளவு யோசித்தும் ஒன்றுகூட இல்லை, இத்தனை நாள் காதில் விழுந்தும் இவளுக்குத் தெரியாமல் போயிற்று, பால் என்றால் மலை, பள்ளிக்கூடம் என்றால் மலை, சொந்தப் பேர் என்றால் மலையிலும் மலை, இந்த ஒரு சொல் மட்டும் தண்ணீர் மாதிரி. சிரிப்பு வந்தது, இந்தத் தடவை பாதியில் அறுபடவில்லை.

"நீதான் போயி அந்தக்காளுக்குச் சொல்லிக் குடுத்துட்டு வரோணும் போல."

"எனக்கே வே... வேணும்ன்னா வராதும்மா. தா... தானாத்தான் வரும்."

அவ்வளவுதான் அந்த வாக்கியம். இரண்டு நாளாக அம்மிக்கும் துவைகல்லுக்கும் நடுவில் இவள் தள்ளிக்கொண்டிருந்த வண்டி, பிள்ளை ஒரு கையால் தள்ளிவிட்டுப் போய்விட்டது. அது வந்துங்க டீச்சர், அது வேணும்ன்னா வராதுங்க, தானாத்தான் வருமுங்க, அது வர்றப்ப நாம சித்த நேரம் நின்னாப் போதுமுங்க. டீச்சர் தங்கமானவர், இது புரியும், புரியாவிட்டால் இன்னொரு தரம் சொல்லலாம், கையைக் கட்டிக்கொண்டே சொன்னாலும் சொல்தானே. "மேடைக்குப் போறயா கண்ணு நீ?" என்று கேட்டாள், மெதுவாக, சீவிக்கொண்டே, பதில் ஒன்றும் முக்கியமில்லை என்கிற மாதிரி. "அந்த நா... நாடகம் வேண்டாம். ப... ப..." என்று பிள்ளை நின்றது, மோவாய் மேலே ஏறியது, இவளுக்கு முகம் தெரியாவிட்டாலும் இடது கண் மூடியிருக்கும் என்று தெரியும், மகுடீஸ்வரி பட்டுப்பாவாடையா, பறவையா, பரிசா என்று எந்தச் சொல்லையும் எடுத்துக் கொடுக்காமல் வகிட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள், "பட்டாம்பூச்சி டான்ஸு" என்று கடைசியில் அது பறந்து வந்து உட்கார்ந்தது. "ரெக்கை தை... தைப்பியா?" "தெச்சாப் போச்சு."

தெருமுனைக் குழாய் காறியது. முதலில் காற்று, அப்புறம் ஒரு துப்பு, மறுபடி காற்று. தாரிகாவின் முகம்தான் அந்தப் பக்கம். அதே நேரத்தில் சுலோச்சனாக்கா வாசலில் வந்து நின்றாள், கண் சிவந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பின்னால் டிவியில் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. "பாத்தியா மகுடீஸ்வரி, ரெண்டாவது வாட்டி பாத்தாலும் ஈரக்கொலய அறுக்குது. எந்தங்கம், எப்படிப் பாடறா. ஏங் கண்ணு, நீயும் ஒரு நாளைக்கி அப்புடி—"

"த... த... த..." என்றாள் தாரிகா, குழாயைக் கைகாட்டி.

"பாடு சாமி, பாடிச் சொல்லு, பாட்டா வந்துரும்."

மகுடீஸ்வரி பேன்சீப்பைத் தூக்கி அக்காவைப் பார்த்துக் காட்டினாள், போலீஸ்காரர் கையைக் காட்டி வண்டியை நிறுத்துகிற மாதிரி. முகத்தில் சிரிப்பு இருந்தது, கையில் இல்லை. "அக்கா, சித்த இருங்க. சொல்லி முடிக்கட்டும்."

மூன்று பேரும் இருந்தார்கள். சுலோச்சனாக்கா வாய் திறந்தபடி, முந்தானை மூக்கில் இருந்தபடி.

"தண்ணி வ... வந்துருச்சு பெரீம்மா. உங்க கொ... கொடம் மூணாவதுல இல்ல, யாரோ நவுத்தி வெ... வெச்சுட்டாங்க."

"அடிப் பாவிகளா!" என்று சுலோச்சனாக்கா முந்தானையை விட்டாள், அருவியை விட்டாள், செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள், "எவடி அவ, எங்கொடத்துல கைய வெச்சவ" என்ற குரல் தெருமுனை வரை போய் அங்கே நான்கு குரல்களோடு கலந்துகொண்டது. இவள் வீட்டுக் குடம் வரிசையில் பின்னால்தான் இருந்தது, முறை வரச் சித்த நேரம் ஆகும், வந்தால் போய்க்கொள்ளலாம். சுவருக்கு அந்தப் பக்கம் ஆளில்லாத வீட்டில் நிலா கடகடவென்று பேசிக்கொண்டிருந்தாள், யாரும் கேட்கவில்லை. மகுடீஸ்வரி பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் நேராக்கி, வகிட்டின் மறுபக்கம் முடியைப் பிரித்துச் சீப்பை இறக்கினாள். வழுக்கிக்கொண்டு வந்தது. துண்டில் தட்டினாள். ஒன்று விழுந்தது, நடுத்தரம். அதை எடுத்துக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து, கையை நீட்டி, பிள்ளையின் கண்ணுக்கு நேராகக் காட்டினாள்.

"இது யாரு?"

தாரிகா குனிந்து பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். "இ... இது..." என்று ஆரம்பித்தாள், நின்றாள், மோவாய் ஏறியது. பேன் நகத்தின் விளிம்புவரை நடந்து போய், கீழே எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி நடக்க ஆரம்பித்தது. நடக்கட்டும். மகுடீஸ்வரி கையை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.